ஏலப்பூவைக் காயாக்குவது யார்? மாணவர்களுக்கான செய்முறை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு, நெடுங்கண்டம், குமுளிப் பக்கத்துப் பிள்ளைகள் மகரந்தச் சேர்க்கையைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும் படித்தால் போதாது. வாசலிலேயே ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் தூரிலிருந்து கிளம்பும் சரங்களில் பூ நிறைந்திருக்கும்.

முதலில் ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள் உள்நோக்கி ஓடும். நடுவே மகரந்தப்பை, அதற்குச் சற்று மேலே குட்டிக் கிண்ணம்போலச் சூல்முடி. தூள் கீழே, சேர வேண்டிய இடம் மேலே. அப்படியானால் ஏற்றிவிடுவது யார்? இதுதான் நம் கேள்வி.

கொசுவலைத் துணியில் தைத்த பைகள், மூன்று நிற நூல், பல்குச்சி, நோட்டு ஆகியவை போதும். தோட்டக்காரரிடம் அனுமதி கேளுங்கள். மருந்தடிக்கும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள்; அந்த வாரம் தோட்டத்துக்குள் போகவே கூடாது.

ஏலப்பூ விடியுமுன் விரிந்து அன்றே வாடிவிடும். ஆகவே முந்தின மாலையே வேலையைத் தொடங்குங்கள். வெளுத்துப் பருத்த மொட்டுகளில் நிறத்துக்கு 20 வீதம் தளர்வாக நூல் கட்டுங்கள். சிவப்பு நூல் மொட்டுகளைத் திறந்தே விடுங்கள். பச்சையையும் மஞ்சளையும் பையால் மூடி வாயை இறுக்கிக் கட்டுங்கள். வலைக்குள் காற்று போகும், தேனீ போகாது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல் மஞ்சள் நூல் பூக்களின் பையைத் திறந்து, வேறு செடிப் பூவின் தூளைப் பல்குச்சி நுனியில் எடுத்து, சூல்முடியில் மெல்லத் தொட்டுவைத்து உடனே மூடுங்கள். பச்சைப் பைகளையும் அதே நேரத்தில் திறந்து மூடுங்கள், தூள் வைக்காமல்.

நேரமில்லை என்று மஞ்சளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பச்சை காய்க்காவிட்டால், தேனீ வராதது காரணமா, பைக்குள் புழுங்கியது காரணமா? மஞ்சள் இல்லாமல் இதற்குப் பதில் கிடைக்காது. ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அன்று காலை சிவப்பு நூல் பூக்களின் அருகே பொறுமையாக உட்காருங்கள். இந்தியத் தேனீ வருகிறதா, மலைத்தேனீயா, எத்தனை முறை, மழையா வெயிலா என்று எழுதுங்கள்.

மாலையில் பைகளை அவிழ்த்துவிடுங்கள், நூல் இருக்கட்டும். பத்து நாள் கழித்துப் பிஞ்சுகளை எண்ணுங்கள். 20-இல் 12 நின்றால் 60 சதவீதம். மஞ்சள் காய்த்துப் பச்சை உதிர்ந்தால், தேனீ இல்லாததே காரணம் என்று துணிந்து எழுதலாம். இரண்டும் உதிர்ந்திருந்தால் தேனீயைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். பையையும் கைப்பக்குவத்தையும் சரிபார்த்து, அடுத்த மொட்டுகளில் மறுபடி செய்யுங்கள்.