தை மாதத்தை நம்பி வீடு பார்த்தவன்: முன்பணம் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டு மாடியில் இரண்டு கம்ப்யூட்டர், உதவிக்கு ஒரு பையன். ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் ஸ்டூடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். ஷீட்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. சம்பளத் தேதி என்ற ஒன்றை மறந்து பத்து வருஷமாகிறது. காட்பாடிக்கு அந்தப் பக்கம் 40 லட்சத்தில் ஒரு வீடு பார்த்து, நாலு வருஷம் சேர்த்த முன்பணத்தோடு வங்கிக்குப் போனேன். மேனேஜர் என் மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்னைப் புரட்டிவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: "வருஷத்துக்கு அறுபதாயிரம் சம்பாதிக்கிறதா எழுதியிருக்கீங்க. மாசம் இருபத்தேழாயிரம் தவணை எப்படி சார் கட்டுவீங்க?"

பணத்தைச் சேர்த்த நான் பேப்பரைச் சேர்க்கவில்லை. ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு முன்பணம் சேர்க்கும்போது நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான் என்பதால் இதையே முதலில் சொல்கிறேன்.

குறைத்துக் காட்டிய வருமானம்

எங்களைப் போன்ற சிறு தொழில்காரர்கள் பெரும்பாலும் உத்தேச லாபக் கணக்கில்தான் ரிட்டர்ன் போடுகிறோம். 1961-ஆம் வருஷச் சட்டத்தில் 44ஏடி என்று ஆடிட்டர்கள் சொல்வார்களே, அது. கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை. வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். "மினிமம் போட்டுடலாம்ணா, தலைவலியே இல்ல" என்றார் எனக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர். எனக்கும் அது இனிப்பாக இருந்தது. வரவு 10 லட்சம், அதில் 6 சதவீதம், ஆக 60,000 ரூபாய். உண்மையில் பையன் சம்பளம், கரண்ட், சாஃப்ட்வேர் எல்லாம் போக என் கையில் நின்றது ஆறரை லட்சம். அந்த 6 சதவீதம் என்பது அடிமட்டம் மட்டுமே. அதற்குமேல் சம்பாதித்திருந்தால் சம்பாதித்ததைத்தான் காட்ட வேண்டும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், புதிய வரி முறையில் 2023-24, 2024-25 ஆகிய இரண்டு நிதியாண்டுகளிலும் 7 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. 2025-26 முதல் அது 12 லட்சம். மேனேஜர் பார்த்த மூன்று ரிட்டர்னில் இரண்டு இந்த வருஷங்களுக்கு உரியவை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலும் அந்த இரண்டு வருஷமும் ஒரு ரூபாய் வரி கட்டியிருக்க மாட்டேன். இல்லாத வரிக்குப் பயந்து இருந்த வருமானத்தை ஒளித்தேன்.

பொறியாளர், ஆர்கிடெக்ட், வக்கீல், டாக்டர் போன்றவர்களுக்கு வேறு பிரிவு, 44ஏடிஏ. அதில் வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்ட வேண்டும். தோரப்பாடியில் இருக்கும் என் நண்பன் தனியாகக் கட்டட வரைபடம் போடுபவன். அவனுக்கும் எனக்கும் வரவு ஏறத்தாழ ஒன்றுதான். அவன் பேப்பரில் 5 லட்சம், என் பேப்பரில் 60,000. வங்கி அவனை உட்கார வைத்துப் பேசியது.

பணத்தை முட்டி மோதி ஒரே வருஷத்தில்கூடப் புரட்டிவிடலாம். ரிட்டர்ன் அப்படி இல்லை, வருஷத்துக்கு ஒன்றுதான். சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்கின்றன. அதனால் வீட்டு ஆசை வந்த அன்றே தொடங்க வேண்டிய சேமிப்பு பேப்பர்தான்.

ரொக்கமும் இதே கதைதான். ஸ்டூடியோக்காரர் கவரில் கொடுக்கும் பணம் அப்படியே அரிசி, பெட்ரோல் என்று போய்விட்டால் வங்கியைப் பொறுத்தவரை அது வரவே இல்லை. கையில் வந்த வாரத்திலேயே கணக்கில் போட்டு, ஒரு பில்லும் எழுதி வையுங்கள். கடன் கேட்பதற்கு முந்தின மாதம் மொத்தமாக மூன்று லட்சத்தைக் கொண்டுபோய்க் கட்டினால் கேள்விதான் வரும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள், தொழில் நடக்கிறது என்பதற்கு அது ஒரு ஆதாரம். அரசு தளத்தில் இலவசம். அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர்களிடம் போக வேண்டாம்.

"பத்து பர்சென்ட் இருந்தா போதும்"

டீக்கடையில் எல்லோரும் சொல்லும் கணக்கு இது. ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்பது 30 லட்சம் வரையிலான கடனுக்கு மட்டும். அதற்குமேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம்தான். என் 40 லட்சம் வீட்டுக்கு 32 லட்சம் கடன், 8 லட்சம் என் கைப்பணம். 32 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத் தவணை மாதம் 27,800 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வரும். மேனேஜர் சொன்ன இருபத்தேழாயிரம் அதுதான்.

எட்டு லட்சத்தோடு நிற்காது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். இந்த அளவு வீட்டுக்கு, கடன் கணக்கிடும் மதிப்பில் வங்கி இதைச் சேர்க்காது. அப்புறம் வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர், வங்கியின் பிராசசிங் கட்டணம், புரோக்கர் கமிஷன், ஈபி பெயர் மாற்றம். ஆக 8 லட்சம் என்று நான் குறி வைத்தது 12 லட்சத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும். நாலு வருஷமும் தப்பான எண்ணை நோக்கித்தான் ஓடியிருக்கிறேன்.

மனை வாங்கிக் கட்டுவது என்றால் பத்திரச் செலவு மனைக்கு மட்டும்தான். மனை மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வேலூருக்கு வெளியே தள்ளிப் பார்ப்பவர்களுக்கு உதவும்.

இன்னொன்று. "பத்திரத்துல 28 போட்டுக்கலாம், மீதி கையில குடுத்துடுங்க" என்பார் விற்பவர். பதிவுச் செலவு குறையும் என்று நமக்கும் சபலம் தட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 லட்சப் பத்திரத்துக்கு 90 சதவீதம் கடன் கிடைத்தாலும் 25,20,000 ரூபாய்தான். 40 லட்சத்தில் மீதி 14,80,000-ஐ நான் புரட்ட வேண்டும். பத்திரச் செலவில் மிச்சமாவது 1,08,000. கூடுதலாகத் தேட வேண்டியது 6,80,000. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு என்பது தனி. உங்கள் கையில் அவ்வளவு ரொக்கம் எப்படி வந்தது என்ற கேள்வியும் வரும்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: குடும்ப வருமானம் 9 லட்சம், வீட்டு மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம் என்ற வரம்புகளுக்குள் இருந்தால் 1,80,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் கடன் வாங்கிய பிறகு ஐந்து வருடாந்தரத் தவணைகளில்தான் அது வரும். முன்பணக் கணக்கில் அதை எழுதாதீர்கள்.

தை மாத வருமானத்தை வைத்துத் திட்டம் போடுவது

தை, மாசி, வைகாசி என்று முகூர்த்தம் நெருக்கும்போது மாதம் ஒன்றரை லட்சம்கூட வரும். "மாதம் நாற்பதாயிரம் ஒதுக்கினால் இரண்டே வருஷம்" என்று அப்போது நோட்டில் எழுதினேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது. கேமராக்காரருக்கு ஆடியில் காய்ச்சல் என்றால் ஆல்பம்காரனுக்கு ஆவணியில்தான் அடிக்கும். படம் எங்களிடம் வந்து, ஆல்பம் போய், பணம் திரும்ப ஒன்றிரண்டு மாதம் பிந்தும். இந்த இடைவெளி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் பணம் வேலை முடிந்து எத்தனை நாளில் வருகிறது என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

மாதாந்தரத் தொகையை நிர்ணயித்து அஞ்சலகத்தில் தொடர் வைப்பு போட்டதும் அதே தவறுதான். அதில் நாலு மாதத்துக்கு மேல் தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். சம்பளக்காரருக்காக வார்த்த அச்சு அது.

இப்போது நான் செய்வது: கடந்த 24 மாத வரவை எழுதி, அதில் மிக மெலிந்த ஐந்து மாதங்களின் சராசரியை எடுத்தேன். வரும் பணம் எல்லாம் தொழில் கணக்கில் விழும். ஒன்றாம் தேதி அந்தச் சராசரித் தொகை மட்டும் "சம்பளமாக" வீட்டுக் கணக்குக்குப் போகும். மீந்ததெல்லாம் முதலில் ஆறு மாதச் செலவுக்கான தனிக் கையிருப்பு நிறையும்வரை அங்கே. அது நிறைந்த பிறகுதான் வீட்டுக்கு. மிஞ்சும் மாதம் சின்னதாக ஒரு ஃபிக்சட் டெபாசிட், மிஞ்சாத மாதம் ஒன்றும் இல்லை.

ஆறு மாதம் அதிகம் என்று என் மனைவி முதலில் சொன்னாள். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் வங்காள நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஒரு தம்பியைக் காட்டினேன். பங்களாதேஷிலிருந்து வருபவர்களே அவனுக்குப் பிழைப்பு. 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்து விசா சுருங்கியதும் அவன் வரவும் சுருங்கியது. "இன்னாண்ணா பண்றது, சீசன்னா திரும்பி வரும்னு சொல்லலாம், இது எப்ப வரும்னே தெரியலயே" என்றான். வீட்டுக்கென்று வைத்திருந்ததை எடுத்துத்தான் வாடகை கட்டினான்.

சென்னைக் கம்பெனிகளுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பில்லில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பிடித்திருந்தால் அது ரிட்டர்ன் போட்ட பிறகுதான் திரும்பி வரும். வருவதற்கு முன் அதைச் செலவழித்துவிடாதீர்கள். 12 லட்சத்தைத் தாண்டுபவர்கள் என்றால், உத்தேசக் கணக்கில் இருப்பவர்கள் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். அந்தத் தொகை உங்களுடையதே இல்லை.

சேர்த்த பணத்தை எங்கே வைப்பது

இதில் நம் ஊருக்கென்றே சில பள்ளங்கள் இருக்கின்றன.

லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம், எட்டாயிரம் என்று காட்பாடியை மையமாக வைத்து ஒரு நிதி நிறுவனம் வட்டி பேசி, 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வந்து நின்ற கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருப்பார். முதல் சில மாதம் வட்டி ஒழுங்காக வந்ததால்தான் வீட்டுக்கு வைத்திருந்ததையும் போட்டார்கள்.

ஏலச்சீட்டை நான் மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். பதிவு செய்த சீட்டு என்றால் 1982-ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் வரும். தெருச் சீட்டுக்கு ஆளின் வாய்தான் உத்தரவாதம். ஆனால் ஆடியிலும் தவணை நிற்காது என்பதை யோசியுங்கள். சீட்டு கட்டக் கைமாத்து வாங்கினால் அது சேமிப்பு இல்லை.

போக்கியம். நாலைந்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. முன்பணத்தை இப்படிப் போட்டு வாடகையை மிச்சம் பிடிப்பது நல்ல யோசனை போலத் தோன்றும். நான் அதைச் செய்ய மாட்டேன். வீட்டுக்காரர் அடுத்த போக்கியக்காரர் வந்தால்தான் உங்கள் பணத்தைத் தருவார். நீங்கள் வீடு வாங்கும் தேதி அவர் கையில் போய்விடும். பதிவு செய்யாத ஒப்பந்தமாக இருந்தால் இன்னும் சிக்கல்.

மாதத் தவணை மனை அதைவிட மோசம். அங்கீகாரம் பெறாத லேஅவுட் என்றால் வங்கிக் கடன் கிடைக்காது. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரமின்றிப் பிரித்த மனை என்றால் பதிவதும் வரன்முறைப்படுத்துவதும் பெரும்பாடு. லேஅவுட்டுக்கு அரசின் நகர் ஊரமைப்புத் துறை (டிடிசிபி) தந்த அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

நகை வாங்கி வைத்தால் செய்கூலி, சேதாரம் போகும். பங்குச் சந்தை இரண்டு மூன்று வருஷப் பணத்துக்கு இல்லை. சலிப்பூட்டும் வங்கி டெபாசிட் போதும். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு, அதனால் சின்ன வங்கி என்றால் பிரித்துப் போடுங்கள்.

அச்சாரம்

கடன் உறுதியாகும் முன் அச்சாரம் கொடுத்துவிட்டுத்தான் நான் வங்கிக்கே போயிருந்தேன். காட்பாடி வீட்டுக்காரர் நல்ல மனிதர், வாய்ப்பேச்சு, கைகுலுக்கல், 50,000 ரூபாய். கடன் மறுக்கப்பட்டதும் அவரிடம் போனேன். "உங்களை நம்பித்தானே இன்னொரு பார்ட்டியை அனுப்பிட்டேன்" என்றார். அதுவும் நியாயம்தான். கடன் கிடைக்காவிட்டால் அச்சாரம் திரும்ப வேண்டும், இத்தனை நாளில் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் பேச்சே வந்திருக்காது. தீபாவளி கழித்து 25,000 கொடுத்தார். மீதிக்கு அவர் மகள் கல்யாண ஆல்பத்தில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. முகூர்த்தம் வைகாசியில்.