பருவுக்குக் கருத்தடை மாத்திரை: தொடங்கும் முன்பும் தொடங்கிய பின்பும்

கருத்தடை மாத்திரை எதுவானாலும் பரு போய்விடும் என்று நினைப்பது தவறு. எண்ணெய்ப் பசையைக் குறைப்பது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த கூட்டு மாத்திரைதான். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சி, ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் இவற்றால் சிலருக்குப் பரு கூடவும் செய்யும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் பரு சிகிச்சைக்கும் சம்பந்தமே இல்லை.

முகத்தில் எண்ணெய் வழியச் செய்வது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன். பெண்களுக்கும் கருவகத்திலும் அட்ரினல் சுரப்பியிலும் அது சுரக்கிறது. கூட்டு மாத்திரை கருவகச் சுரப்பைத் தணிக்கிறது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன், கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூட்டுகிறது. அந்தப் புரதம் ரத்தத்தில் திரியும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்வதால், எண்ணெய்ச் சுரப்பிக்குப் போய்ச் சேருவது குறைகிறது. மாதவிடாய்க்கு முன் தாடையோரம் கிளம்பும் பருவுக்கு இது நன்றாகவே பலன் தரும்.

மருந்துக் கடையில் நேரே கேட்டு வாங்காதீர்கள். முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 35 வயதைக் கடந்து புகைப்பவர்கள், கண்ணில் ஒளிக்கோடு தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய் அல்லது கடுமையான கல்லீரல் நோய் வந்தவர்கள், பிரசவமாகி சில வாரங்களே ஆனவர்கள் இதை எடுக்கக் கூடாது. டிரோஸ்பிரினோன் என்ற புரோஜெஸ்டின் கலந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கருத்தடையே தேவையில்லை என்றால் பூச்சு மருந்தில் தொடங்குவதே எங்கள் பரிந்துரை.

மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கினால் கருத்தடைப் பாதுகாப்பு உடனே கிடைக்கும். வேறு நாளில் தொடங்கினால் 7 நாள் ஆணுறையும் வேண்டும். ஒரு மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டோ அதற்கு மேலோ விட்டால் மறுபடி 7 நாள் ஆணுறை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் பலனைக் கெடுக்கும். பருவுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் கெடுக்காது.

பெரும்பாலோர் தவறுவது பொறுமையில்தான். முதல் சில வாரங்களில் பரு கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மூன்று அட்டை முடியும்வரை தீர்ப்பு எழுதாதீர்கள், முழுப் பலனுக்கு 6 மாதம் ஆகலாம். அதுவரை இரவில் 0.1% அடபலீன் ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து, பரு உள்ள இடத்தில் மட்டுமல்லாமல் முகம் முழுக்க மெலிதாகத் தடவுங்கள். மாத்திரையால் சிலருக்கு மங்கு படரும் என்பதால் பகலில் சன்ஸ்கிரீனும் வேண்டும்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதுவரை வராத கடுமையான தலைவலி, திடீர்ப் பார்வை மங்கல் என எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் பரு திரும்பலாம். குழந்தைக்காக நிறுத்துகிறீர்கள் என்றால் அடபலீனையும் கூடவே நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக அசெலாயிக் அமிலப் பூச்சை டாக்டரிடம் கேளுங்கள்.