மறதி நோயும் மூளை அழற்சியும்: குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

டிமென்ஷியா என்ற மறதி நோயில் மூளை அழற்சிக்கு, அதாவது மூளையின் தற்காப்புச் செல்கள் கிளர்ந்தெழுவதற்கு, பங்கு உண்டு என்ற செய்தி இப்போது வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. செய்தி சரிதான். அதைக் கேட்டபிறகு நம் வீடுகளில் நடப்பதுதான் சிக்கல். தினமும் மஞ்சள் பால், மீன் எண்ணெய் மாத்திரை. சிலர் ஒரு படி மேலே போய் மெடிக்கலில் வலி மாத்திரையே வாங்கிவிடுகிறார்கள். அதே வீட்டில் தாத்தா இரண்டு நாளாகத் திடீரென்று உளறினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அவசரம் காட்ட வேண்டியது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

முதலில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அங்கே மைக்ரோகிளியா என்ற செல்கள் இருக்கின்றன. ராத்திரியில் தெருவைச் சுற்றிவரும் கூர்க்கா மாதிரி, மெல்லிய கைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பவை. செத்த செல்லோ கிருமியோ புரதக் குப்பையோ, எது தட்டுப்பட்டாலும் சூழ்ந்து தின்றுவிடும். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோயில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. அதனால் இந்தச் செல்களும் ஆண்டுக்கணக்கில் உசுப்பிவிடப்பட்ட நிலையிலேயே இருக்கின்றன. அப்போது அவை வெளிவிடும் வேதிப்பொருள்கள் நல்ல நரம்பு இணைப்புகளையும் சேர்த்துக் கெடுக்கின்றன. இதன் தடயம் பழையது. 1906-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் தன் நோயாளி ஒருவரின் மூளையைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டு அச்சான அவர் குறிப்பிலேயே, நரம்பு செல்களோடு கூட இருக்கும் கிளியா செல்களில் (மைக்ரோகிளியாவும் இந்தக் குடும்பம்தான்) கண்ட மாற்றங்களும் அவற்றில் சேர்ந்திருந்த கொழுப்பும் பதிவாகியிருக்கின்றன.

சரி, அழற்சிதான் வில்லன் என்றால் அதை அடக்கிவிட்டால் போதுமே? இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் ரொம்ப சீரியஸாகவே கேட்டுப் பார்த்தது. முடக்குவாதத்துக்காகப் பல வருடம் வலி மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் குறைவாகத் தெரிந்தது. அதை நம்பி அமெரிக்காவில் 2001-இல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். 70 வயதைத் தாண்டிய, குடும்பத்தில் மறதி நோய் இருந்த சுமார் 2,500 பேர் கலந்துகொண்டார்கள். நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற வலி மாத்திரைகள், மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். இதயத்துக்கு ஆபத்து வரலாம் என்ற கவலையால் 2004 டிசம்பரில் மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மறதி நோய் வராமல் அந்த மாத்திரைகள் காக்கவும் இல்லை. அழற்சியை அடக்கும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையும் கைகொடுக்கவில்லை.

2013-இல் வெளியான மரபணு ஆய்வுகள் கதையை இன்னும் சிக்கலாக்கின. டிரெம்-2 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் அல்சைமர் ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு வரை கூடுகிறது. அந்த மாற்றம் மைக்ரோகிளியாவை மந்தமாக்குகிற வகை. படிவுகளைச் சூழ்ந்து கட்டுப்படுத்தும் வேலை சரியாக நடப்பதில்லை. அதாவது, இந்தச் செல்கள் வேலை செய்யாமல் போவதும் ஆபத்துதான். எந்தக் கட்டத்தில் தூண்ட வேண்டும், எந்தக் கட்டத்தில் அடக்க வேண்டும் என்பதை ஆய்வகங்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் வீட்டில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், வயிற்றில் ரத்தக்கசிவையும் உண்டாக்கலாம்.

மஞ்சள் பற்றி இரண்டு வரி போதும். குழம்பில் போடுங்கள், நல்லது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் உடம்பில் மிகக் குறைவாகவே சேர்கிறது. அல்சைமர் நோயாளிகளிடம் செய்த சோதனைகளில் பலன் தெரியவில்லை. அதற்காக மாதம் ஆயிரக்கணக்கில் கேப்சூல் வாங்குவது வீண்.

இன்னொரு தவறு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் கூடியிருந்தால் மூளையில் அழற்சி என்று பயப்படுவதும், எம்.ஆர்.ஐ. நார்மல் என்றால் மூளையில் ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைவதும். பல்லில் சீழ் இருந்தாலே சி.ஆர்.பி. ஏறும். டிமென்ஷியாவில் மெல்லப் புகைந்துகொண்டிருக்கும் அழற்சி சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தெரியாது.

இனி திடீர் குழப்பத்துக்கு வருவோம். டிமென்ஷியா மாதங்களிலும் வருடங்களிலும் மோசமாகும் நோய். நேற்றுவரை பேப்பர் படித்த அம்மா இன்று சாயங்காலம் போர்வையைப் பிய்த்துக்கொண்டு, செத்துப்போன அண்ணன் வாசலில் நிற்கிறார் என்று சொன்னால் அது டெலிரியம் என்ற திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். மூளைக்கு வெளியே சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல்கூடத் தொற்று வரும். குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கலாம். ஏற்கெனவே டிமென்ஷியா உள்ள மூளையில் மைக்ரோகிளியா தயார் நிலையில் இருப்பதால், உடம்பின் வேறு மூலையில் நடக்கும் அழற்சிக்கும் அளவுக்கு மீறிச் சீறுகின்றன. இங்கிலாந்தில் சுமார் 300 அல்சைமர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் தொற்று அல்லது காயம் வந்தவர்களின் ஆறு மாத நினைவாற்றல் சரிவு இரண்டு மடங்காக இருந்தது. ஆகவே "ஏற்கெனவே மறதி நோய்க்காரர்தானே" என்பது தாமதிக்கக் காரணம் ஆகாது.

டெலிரியத்தில் சிலர் கத்த மாட்டார்கள், சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அமைதியாக இருக்கிறாரே என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். இந்த வகையைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். இன்னொரு பக்கம், ராத்திரி தொந்தரவு தாங்காமல் தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரையோ கொடுப்பது குழப்பத்தைக் கூட்டிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் எடுத்துப் போங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், அபூர்வமாக, நிஜமாகவே அழற்சியை அடக்கினால் சரியாகும் மறதியும் உண்டு. நம் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் அது. எல்.ஜி.ஐ.-1 என்ற புரதம் தொடர்பான வகை ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதிகம் வரும். சில வாரங்களுக்குள் மறதி கூடும். கூடவே ஒரு விநோதம்: முகத்தின் ஒரு பக்கமும் அதே பக்கத்துக் கையும் ஓரிரு நொடி வெட்டி இழுக்கும், ஒரு நாளில் பல தடவை. காபி டம்ளர் கையிலிருந்து நழுவும். பலருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். கை நடுக்கம் என்று இதை ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு, ஏனென்றால் சீக்கிரம் ஸ்டீராய்டு அல்லது இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து கொடுத்தால் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். அல்சைமருக்கு ஸ்டீராய்டு கைகொடுக்கவில்லை என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை; நோயே வேறு. பி-12 குறைவு, தைராய்டு குறைவு இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் மறதியாக வேஷம் போடும்.

தடுக்க என்ன செய்யலாம் என்றால் பட்டியல் சுவாரசியமாக இருக்காது: சர்க்கரை, பிரஷர், புகை, கெட்ட கொழுப்பு, கேளாத காது, கண்புரை, நடக்காமல் இருப்பது. 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் இப்படிப்பட்ட 14 காரணிகளைக் குறித்து, அவற்றைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று கணக்கிட்டது. இவற்றில் பல அழற்சியோடும் சம்பந்தப்பட்டவை. தடுப்பூசியையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அக்கித் தடுப்பூசி 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு தேதியை வைத்துப் பிரித்தார்கள். அதை வைத்துச் செய்த, 2025-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் ஏழு ஆண்டுகளில் டிமென்ஷியா ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அது பழைய வகை ஊசி. காரணமும் முழுதாகப் புலப்படவில்லை. ஆனாலும் அக்கியைத் தடுப்பதற்காகவே இப்போது கிடைக்கும் அக்கித் தடுப்பூசி போடத் தகுந்ததுதான்.

டாக்டரிடம் போகும்போது "ரொம்ப நாளாகவே மறதி" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். மாற்றம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று சொல்லுங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கை இழுப்பதை மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.