கடல் சிங்கங்களோடு ஸ்நார்க்கெலிங்: குடும்பத்தோடு முதல் முறை படகேறுகிறவர்களுக்கு

கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் வாயில் கவ்வும் மூச்சு விடும் குழாயும் மாட்டிக்கொண்டு, நீரின் மேல் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பதுதான் ஸ்நார்க்கெலிங். சீல் போன்ற கடல்வாழ் பாலூட்டியான கடல் சிங்கத்தைத் துரத்திக்கொண்டு நீந்துகிறவருக்கு அதன் பின்பக்கம் மட்டும்தான் தெரியும், அதுவும் இரண்டு நொடிக்கு. சும்மா மிதந்துகொண்டிருப்பவரைத் தேடி அது தானாக வரும். ஆனால் மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிந்து, குழாய் வழியாக உப்புநீர் வாய்க்குள் ஏறி, பக்கத்தில் பிள்ளை "அம்மா!" என்று கத்தும்போது யாராலும் சும்மா மிதக்க முடியாது. அதனால் வேலையில் முக்கால்வாசியைக் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

முதல் படி: இடமும் மாதமும்

கடல் சிங்கம் இருக்கிற எல்லாக் கடலிலும் அதனோடு நீந்த விடமாட்டார்கள். அமெரிக்காவில் 1972-இல் வந்த கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைத் தொந்தரவு செய்வது குற்றம். சுமார் 45 மீட்டர் தள்ளியே இருக்கச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவில் படகுத்துறையில் படுத்திருப்பதைப் பார்த்ததும் தண்ணீரில் இறங்கிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம்.

முறையாக ஏற்பாடு செய்துகொண்டு போகக்கூடிய இடங்கள் வேறு. மெக்சிகோவின் லா பாஸ் நகரிலிருந்து படகில் போகும் லாஸ் இஸ்லோட்டஸ் பாறைத்தீவுகள், ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகள், ஆஸ்திரேலியாவில் பெயர்ட் பே, போர்ட் லிங்கன், ஜூரியன் பே ஆகியவை பெயர் பெற்றவை.

லாஸ் இஸ்லோட்டஸில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தண்ணீரில் இறங்கத் தடை. அது குட்டி போடுகிற, ஆண் கடல் சிங்கங்கள் எல்லை காக்கிற காலம். அக்டோபர் வாக்கில் குட்டிகள் நன்றாக நீந்தப் பழகியிருக்கும், தண்ணீரும் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஜனவரிக்கு மேல் நீரின் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வடக்குக் காற்று பலமாக வீசினால் படகே கிளம்பாது. சின்னப் பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு அக்டோபர் கடைசிக்குத்தான்.

கலாபகோஸில் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் இப்படிப்பட்ட பயணம் கிடையாது. எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆஸ்திரேலியக் கடல் சிங்கம் வேறு இனம், அழியும் நிலையில் இருப்பது. அதன் இனப்பெருக்கச் சுழற்சி ஏறக்குறைய 17, 18 மாதம். ஆகவே போன வருடம் இந்த மாதத்தில் குட்டிகள் விளையாடின என்பதை வைத்து இந்த வருடத்துக்குத் திட்டம் போட முடியாது. படகுக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவரிடமே இன்னும் சில கேள்விகள். கைடு கூடவே தண்ணீரில் இறங்குவாரா, படகிலேயே நிற்பாரா? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? பிள்ளைகள் அளவில் வெட்சூட் (குளிர் தாங்க உடலோடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை), மாஸ்க், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? ஏறி இறங்க ஏணி உண்டா? "மீன் போட்டு வரவழைப்போம், கண்டிப்பாகத் தொடலாம்" என்று ஒருவர் ஆசை காட்டினால், அந்தப் படகை விட்டுவிடுங்கள். தீனி கொடுத்துப் பழக்கிய கடல் சிங்கம், தீனி இல்லாத கையையும் கடித்துப் பார்க்கும்.

இரண்டாம் படி: மாஸ்க்

ஆரம்பநிலையில் ஒருவருக்குக் கடல் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மாஸ்க்தான் காரணம். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வையுங்கள். மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. நழுவினால் வேறு மாஸ்க். வாரை எவ்வளவு இறுக்கினாலும் பொருந்தாத மாஸ்க் பொருந்தாது, நெற்றியில் தழும்பு விழுவதுதான் மிச்சம். கசிவுக்கு இன்னொரு காரணம், சிலிக்கான் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒற்றை முடி. நீளமான கூந்தல் உள்ளவர்கள் நெற்றி முடியை முழுக்க ஒதுக்கிய பிறகே மாட்டுங்கள். மீசைக்காரர்கள் மூக்குக்கு நேர் கீழே மெல்லிய கோடாக மழித்துக்கொண்டால் கசிவு குறையும். மனம் வராதவர்கள் அவ்வப்போது தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் ஒரு படலம் இருக்கும். பற்பசையை உள்பக்கம் தேய்த்துக் கழுவாவிட்டால் எது செய்தாலும் பனி படர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் எச்சில் அல்லது ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி, லேசாக அலசினால் போதும்.

முழு முகத்தையும் மூடுகிற மாஸ்க் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றுவது சிரமம். தரமற்ற வகைகளில் வெளியே விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன்.

மூன்றாம் படி: நீச்சல் குளத்தில் ஒத்திகை

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து, வாயில் கவ்விய குழாய் வழியாக மூச்சு விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். பதற்றம் இறங்க இதைவிட நல்ல வழி கிடையாது. பிறகு வேண்டுமென்றே குழாயில் தண்ணீரை ஏற்றி, "தூ" என்று ஒரே ஊதலில் வெளியேற்றிப் பாருங்கள். மாஸ்க்குக்குள் பாதி தண்ணீர் விட்டுக்கொண்டு, மேல் விளிம்பை விரலால் அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் அது கீழ்ப்பக்கமாக வெளியே போகும். இந்த இரண்டும் கைவந்த பிள்ளை கடலில் அழாது.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸை மாட்டியபின் பலரும் முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பது போல உதைப்பார்கள். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், மெதுவாக, ஃபின்ஸ் தண்ணீருக்கு மேலே வராமல். சளப் சளப் என்று அடிக்கிற சத்தம் கேட்டால் கடல் சிங்கம் வருவதற்குப் பதில் யோசிக்க ஆரம்பித்துவிடும்.

நான்காம் படி: படகில்

குமட்டல் மாத்திரை போடுகிறவர்கள் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பின் போட்டுப் பயனில்லை. பிள்ளைகளுக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், செல்போனை அல்ல. சன்ஸ்கிரீனைப் பூசிக் குவிப்பதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். முதுகும் முழங்காலுக்குப் பின்பக்கமும் தீய்ந்து போவது கரையேறிய பிறகுதான் தெரியும்.

மோதிரம், சங்கிலி, தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். ஆடுவது, மின்னுவது எதுவாக இருந்தாலும் இளம் கடல் சிங்கம் வாயில் வைத்துப் பார்க்கும். லைஃப் ஜாக்கெட்டின் தொங்கும் வாரையும் உள்ளே சொருகிவிடுங்கள்.

ஐந்தாம் படி: இறங்குவதும் மிதப்பதும்

என்ஜின் அணைந்ததா, கைடு தலையசைத்தாரா என்று பார்த்துவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து அப்படியே வழுக்கி இறங்குங்கள். குதிக்க வேண்டாம். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று படகிலேயே ஜோடி பிரித்துக்கொள்ளுங்கள். நீந்தத் தெரிந்தவர்களும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். போட்டிருந்தால்தான் கைகால் சும்மா இருக்கும். மிதவை வளையம் ஒன்று இருந்தால் சின்னவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் நீருக்குள் வைக்கலாம்.

இப்போது கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு குப்புற மிதங்கள். பாறையிலிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள். அலை உங்களைத் தூக்கிப் பாறையில் மோதும் என்பது ஒரு காரணம். அங்கே படுத்திருப்பவற்றின் வழியை மறிக்கிறீர்கள் என்பது இன்னொன்று.

முதலில் கீழே ஒரு நிழல் வளைந்து போகும். அடுத்த சுற்றில் கொஞ்சம் கிட்டே. பிறகு ஓர் இளசு தலைகீழாகத் தொங்கியபடி, மீசை முடிகள் முன்னால் விறைத்து நிற்க, உங்கள் மாஸ்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கும். மூக்கிலிருந்து குமிழிகள் விடும், சுழலும், காணாமல் போகும். காலில் லேசாக இழுப்பது போலத் தோன்றினால் ஃபின்ஸ் நுனியை மெல்லுகிறது என்று அர்த்தம். உதறாதீர்கள், காலை மெதுவாக உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டவே கூடாது. விரலும் அதற்கு ஆராய்ச்சிப் பொருள்தான். அது சுழன்றால் நீங்களும் அதே இடத்தில் மெதுவாகச் சுழன்று பாருங்கள், பல நேரம் திரும்ப வரும். கேமராக் கம்பை அதன் முகத்துக்கு நேராக நீட்டுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குமிழிப் படம்தான்.

ஆறாம் படி: எப்போது விலக வேண்டும்

விளையாட வருவது குட்டிகளும் இளசுகளும், சில நேரம் பெண் கடல் சிங்கங்களும். பெரிய ஆண் விளையாட வருவதில்லை. கலிஃபோர்னியக் கடல் சிங்கத்தில் ஆண் 300 கிலோவைத் தாண்டலாம், நெற்றியில் மேடு தெரியும். பாறையோரமாக முன்னும் பின்னும் ரோந்து போகும், அதன் குரைப்பு தண்ணீருக்குள்ளும் கேட்கும். அது உங்களை நோக்கி வேகமாக வந்து முகத்தருகே பெருங்குமிழி விட்டாலோ, வாயைத் திறந்து காட்டினாலோ எச்சரிக்கை. அதைப் பார்த்தபடியே, கைகால் அடிக்காமல், படகுப் பக்கமாக நகருங்கள். அதற்கும் பாறைக்கும் நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சோர்ந்து கிடப்பது, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது, வலிப்பு வந்தது போல் துடிப்பது, இப்படி எதைப் பார்த்தாலும் கைடிடம் சொல்லிவிட்டு ஏறிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் நச்சுப்பாசி பெருகும் காலங்களில் அந்த நஞ்சு ஏறிய கடல் சிங்கங்கள் மனிதர்களைக் கடித்ததுண்டு. 2022, 2023-இல் பெரு, சிலி, அர்ஜென்டினா கரைகளில் பறவைக் காய்ச்சலால் அவை ஆயிரக்கணக்கில் செத்தன.

ஏழாம் படி: படகேறிய பின்

பிள்ளையின் உதடு நீலம் பாரித்தாலோ பல் கிட்டித்தாலோ, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்ற கெஞ்சலைக் கேட்காதீர்கள். ஏணியைப் பிடித்த பிறகு ஃபின்ஸைக் கழற்றி மேலே கொடுங்கள், பின்பு ஏறுங்கள். மேலே ஒருவர் ஏறும்போது அவருக்கு நேர் கீழே மிதக்காதீர்கள். ஈர உடையை உடனே மாற்றி, காற்றுத் தடுக்கும் மேல்சட்டை போடுங்கள். திரும்பும் வழியில் குளிர்வது தண்ணீரில் இருந்ததைவிட அதிகம்.

எங்காவது பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தால், சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். கடித்தது கடல் சிங்கம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். இந்தக் கடியால் விரல் வீங்கி வலிக்கும் ஒரு தொற்று உண்டு. அதற்கு வழக்கமான பென்சிலின் வகைகள் கேட்காது, டெட்ராசைக்ளின் வகை மருந்துதான் கொடுப்பார்கள்.