பூனை தோண்டாத பாத்தி

காய்ந்து பொலபொலவென்று கிடக்கும் மண்தான் பூனைக்குக் கழிப்பிடம். அதை மூடியதும் தொல்லை நின்றது.

முதலில் கையுறை போட்டு, பழைய கழிவைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளினேன். வாசனை மிஞ்சினால் அதே இடத்துக்குத்தான் திரும்ப வரும். பிறகு கோழிவலையை மண்மேல் படிய விரித்து, தண்டு வரும் இடங்களில் 5 செ.மீ. ஓட்டை வெட்டினேன். வெட்டிய கம்பி நுனிகளைக் கீழ்நோக்கி மடக்கி மண்ணில் புதைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதத்தைக் கிழித்துவிடும். வலை தூக்கிக்கொண்டு நின்றால் கால் சிக்கும். ஓரங்களில் செங்கல் வையுங்கள். தண்டு பருக்கப் பருக்க ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும்.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு. மிளகாய்த்தூளும் கூடாது: பாதத்தில் ஒட்டி, முகம் துடைக்கும்போது கண்ணை எரிக்கும், பாவம்.

விதைத்த பாத்தியில் வலையோடு ஈரமும் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.