லோப்புரித் திருவிழாவுக்குத் தாய்லாந்து பாரம்பரிய உடையில் போவது எப்படி

பாங்காக் போகிறவர்கள் வாட் அருண் கோயில் பக்கத்துக் கடையில் உடையை வாடகைக்கு எடுத்து, ஒரு மணி நேரம் படம் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது இப்போது சகஜம். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த உடையின் அழகு உண்மையில் தெரிய வேண்டும் என்றால், ஊரே அதை உடுத்திக்கொண்டு தெருவுக்கு வரும் நாளில் போங்கள். என் முதல் தேர்வு பாங்காக்குக்கு வடக்கே உள்ள லோப்புரி. ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி வாக்கில் நாராய் மன்னர் நினைவாக அங்கே பல நாள் திருவிழா நடக்கிறது. அரசு ஊழியர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், பாட்டிகள் எல்லோரும் அந்தக் காலத்து உடையில் வருவார்கள், ஜீன்ஸ் போட்டவர்தான் அங்கே தனியாகத் தெரிவார். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் விமானச் சீட்டு போடுவதற்கு முன் தாய்லாந்து சுற்றுலா ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

உடையைத் தேடுவதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு வேண்டும், ஏனென்றால் எதை உடுத்துவது என்பதை முடிவு செய்வதே அதுதான். நாராய் மன்னர் 1656 முதல் 1688 வரை, தாய்லாந்து சயாம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், அயுத்தயா அரசை ஆண்டவர். லோப்புரியை இரண்டாம் தலைநகராக ஆக்கிக்கொண்டு, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். 1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதர் வந்தார், அடுத்த ஆண்டு கோசா பான் தலைமையில் சயாம் தூதர்கள் வெர்சாய் அரண்மனைக்குப் போனார்கள். திருவிழாவின் ஊர்வலம், ஒளி-ஒலி நாடகம், கைவினைச் சந்தை எல்லாம் இந்தக் காலத்தைச் சுற்றித்தான். ஆக நீங்கள் உடுத்த வேண்டியது பதினேழாம் நூற்றாண்டு அயுத்தயா பாணி.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வாடகைக் கடையில் ‘தாய்லாந்து உடை’ என்று ஒரே கம்பியில் தொங்குவதெல்லாம் ஒரே காலத்து உடை இல்லை. தோளில் குறுக்கே சபாய் என்ற மேலாடை, கீழே சோங் கிராபென் (பஞ்சகச்சம்போல் கால்களுக்கு இடையே எடுத்துச் செருகும் துணி) அல்லது மடிப்பு வைத்த நீளப் பாவாடை என்றால் அயுத்தயா பாணி. சரிகைப் பின்னலில் பஃப் கை வைத்த வெள்ளை மேல்சட்டை என்றால் அது ஐந்தாம் ராமா என்கிற சுலலாங்கோர்ன் மன்னர் காலம், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியும் இருபதின் தொடக்கமும். ஆண்கள் போடும் ஐந்து பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டும் அந்தக் காலத்துடையதுதான், 1872-இல் அந்த மன்னர் இந்தியா வந்தபோது கல்கத்தாவில் தைத்த கோட்டிலிருந்து வந்த பாணி அது. அப்புறம் பட்டில் நீளப் பாவாடையும் பொருத்தமான மேல்சட்டையுமாகக் கல்யாணங்களில் பார்ப்போமே, அந்த எட்டு வகை உடைகள் இன்னும் புதியவை, 1960-இல் ராணி சிரிகிட் ஐரோப்பா, அமெரிக்கப் பயணம் போவதற்காக வடிவமைக்கப்பட்டவை. இதில் எதைப் போட்டுக்கொண்டு லோப்புரிக்குப் போனாலும் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், சிரித்துத்தான் வரவேற்பார்கள். இருந்தாலும் நாராய் அரண்மனை மதில் முன்னால் ஐந்தாம் ராமா காலத்துக் கோட்டோடு நிற்பது பொருந்தாது. ஒரு ஊரின் விழாவுக்கு அந்த ஊர் நினைவுகூரும் காலத்தின் உடையில் போவதுதான் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

நமக்கு இதில் நேரடி உறவும் இருக்கிறது. அயுத்தயா அரசவைக்கு வேண்டிய உயர்தரப் பருத்தித் துணிகள் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்துதான் போயின. சயாமிலிருந்து வடிவங்களை வரைந்து அனுப்புவார்கள், இங்கிருந்த சாயக்காரர்கள் அதைப் பார்த்துத் துணியில் தீட்டியும் அச்சிட்டும் கப்பலேற்றுவார்கள். சுடர் போன்ற கரையும் கை கூப்பிய தேவர் உருவங்களும் இருக்கும் அந்தத் துணிகளை மன்னர் தன் பிரபுக்களுக்குத் தகுதிக்கேற்பக் கொடுத்தார். அதே வடிவத்தில் இப்போது இயந்திரத்தில் அச்சடித்த பருத்தித் துணி கிடைக்கிறது, விலையும் கைக்கு அடக்கம். பளபளக்கும் பாலியஸ்டருக்குப் பதில் அதை வாங்கச் சொல்வேன். பார்க்கவும் நன்றாக இருக்கும், பிப்ரவரி வெயிலில் உடம்பிலும் ஒட்டாது.

வாங்குவதென்றால் பாங்காக்கில் பஹுரத் சந்தை. இந்தியர்கள் துணிக்கடை வைத்திருக்கும் பகுதி, நடனக் கலைஞர்கள் உடையும் நகையும் வாங்குவதும் அங்கேதான், சாம் யோட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். துணி, சபாய், ஒட்டியாணம், ஊக்கு, நெற்றியணி எல்லாம் ஒரே சுற்றில் முடிந்துவிடும். வாடகைக்கு என்றால் சில நூறு பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்தால் முழு உடையும் நகையும் சேர்த்துத் தருவார்கள். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். முன்பணத்துக்குப் பதிலாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், ரொக்கமாகக் கொடுங்கள். அப்புறம், உடையைத் திருப்பித் தர வேண்டிய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் விழா சூடு பிடிப்பதே மாலையில்தான், ஆறு மணிக்குக் கடை மூடும் என்றால் அந்த வாடகை உங்களுக்கு உதவாது.

சரி, உடுத்துவதற்கு வருவோம். சோங் கிராபென் ஆண், பெண் இருவருக்கும் உண்டு. சுமார் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத் துணி போதும். உள்ளே இறுக்கமான அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். துணியின் நடுப்பகுதியை முதுகுப் பக்கம் வைத்து, இரண்டு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் வயிறு லேசாக அமுங்கும் அளவுக்கு இழுத்து, மேல் விளிம்பை முடிச்சுப் போட்டு, அதன் மேல் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். இப்போது முன்னால் இரண்டு முனைகளும் தொங்கும். பஞ்சகச்சம் கட்டிப் பழகியவர்கள் இந்த இடத்தில் தானாகக் கொசுவம் எடுக்கப் போவார்கள், இங்கே அது கிடையாது. இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாக, கயிறு மாதிரி சுருட்ட வேண்டும். அந்தச் சுருளைக் கால்களுக்கு இடையே பின்னால் எடுத்து, முதுகுத்தண்டுக்கு நேராக இடுப்பில் செருகி, மேலே ஒட்டியாணத்தை மாட்டினால் முடிந்தது. துணி முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கி, இரு பக்கமும் லேசாகப் பொங்கி நிற்க வேண்டும். சுருட்டல் தளர்ந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் தொங்கிவிடும், ஆகவே பொறுமையைக் காட்ட வேண்டிய இடம் இது ஒன்றுதான். விடுதி அறையிலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து, படி ஏறிப் பாருங்கள், பிறகு வெளியே போங்கள்.

கட்டுவதற்குத் தைரியம் இல்லையா? ஜிப்பும் கொக்கியும் வைத்துத் தைத்த சோங் கிராபென் கிடைக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குழந்தைகளுக்கும் அடிக்கடி கழிவறை போக வேண்டியவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கட்டிய துணியை விழா மைதானத்துத் தற்காலிகக் கழிவறையில் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை.

சபாய் நம் பெண்களுக்குச் சுலபம், முந்தானை மாதிரியே இடது தோளில்தான் விழும். உள்ளே தோள்பட்டி இல்லாத மார்க்கச்சு, அளவு சரியாக இருக்கட்டும், பெரிதாக இருந்தால் நாள் முழுக்க அதை மேலே இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். மடிப்பு வைத்த சபாயின் ஒரு முனையை வலது அக்குளுக்குக் கீழே உள்பக்கமாக ஊக்கால் குத்தி, மார்புக்குக் குறுக்கே இடது தோளுக்கு எடுத்து, அங்கே இன்னொரு ஊக்கு, அதை மறைக்க ஒரு நகை. மிச்சம் பின்னால் தொங்கும். கெண்டைக்கால் வரைக்கும் போதும், தரையைத் தொட்டால் கூட்டத்தில் யாராவது மிதிப்பார்கள். நிறம் பற்றி ஒரு வார்த்தை: மேலும் கீழும் ஒரே நிறமாகப் போடுவது இன்றைய பழக்கம். பழைய அரசவைப் பெண்கள் மாறுபட்ட நிறங்களைத்தான் இணைத்தார்கள், கிழமைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்தார்கள். திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி நீலம், சனி ஊதா, ஞாயிறு சிவப்பு என்ற கிழமை நிறங்கள் இன்றும் வழக்கத்தில் உள்ளன. போகும் கிழமையின் நிறத்தை ஒரு துணிக்கு எடுத்துக்கொண்டு, மற்றதை மாறுபட்டதாகத் தேர்ந்தெடுத்தால் அங்கிருக்கும் பாட்டிகள் நிச்சயம் கவனிப்பார்கள். முழுக் கறுப்பு வேண்டாம், அது துக்கத்துக்கானது.

காலில் தட்டையான தோல் செருப்பு போதும். விளையாட்டுக் காலணி உடையைக் கெடுக்கும், குதிகால் உயர்ந்தது அரண்மனைச் செங்கல் தரையில் உங்களைக் கெடுக்கும்.

தலையில் வைப்பதில் மட்டும் கட்டாயம் எச்சரிக்கை தேவை. சடா என்கிற கூர்மையான கோபுர மகுடம் நடனக் கலைஞர்களுக்கும் அரச மரபுக்கும் உரியது, குருவின் அருள் உள்ள பொருளாக வணங்குகிறார்கள். கோன் என்கிற ராமாயண நடன நாடகத்தின் முகமூடிகளும் அப்படியே. 2012-இல் லேடி காகா பாங்காக் கச்சேரியில் அரைகுறை உடையோடு அந்த மகுடத்தை வைத்துக்கொண்டு ஆடியதற்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது அங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். பூவோ மெல்லிய நெற்றியணியோ போதும். மன்னர், ராணி வேடம் என்று சொல்லிக்கொண்டு விளையாட்டாகப் படம் எடுப்பதும் வேண்டாம். அரச குடும்பத்தைப் பற்றிய சட்டம் அங்கே மிகக் கடுமை.

கோயிலுக்குள் போவதாக இருந்தால் கையோடு ஒரு சால்வை எடுத்துப் போங்கள். சபாய் வலது தோளை மூடாது, புத்தர் சன்னதியில் தோள் மூடியிருக்க வேண்டும். கால் பாதம் சிலையை நோக்கி நீளாமல், பக்கவாட்டில் மடக்கி உட்கார வேண்டும். சோங் கிராபென் கட்டியிருந்தால் அப்படி உட்காருவது வசதிதான், பாவாடை கட்டியவர்கள் முதலில் முழங்காலிட்டு மெதுவாக இறங்குங்கள். இடிபாடுகளின் மேல் ஏறி நின்று படம் எடுக்கக் கூடாது. மாலை ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தால், கையில் சாப்பாடே இருந்தாலும் அப்படியே நில்லுங்கள், சுற்றிலும் எல்லோரும் நிற்பார்கள். உடை அணிந்திருப்பதால் பெரியவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், கை கூப்பி வணங்குங்கள், நமக்கு அது புதிதில்லை. யாராவது அம்மா அருகில் வந்து, சொல்லாமலே உங்கள் சபாய் மடிப்பைச் சரி செய்துவிட்டுப் போகலாம். அதை அன்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் இந்த உடை தெருவிலிருந்து விரட்டப்பட்டது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. பிரதமர் பிபுனின் அரசு ‘நாகரிகம்’ என்ற பெயரில் 1939 முதல் வரிசையாக ஆணைகள் போட்டது, 1941 ஆணை உடை பற்றியது. மேற்கத்திய பாணியும் தொப்பியும்தான் சரி என்று சொல்லிச் சோங் கிராபெனைக் கைவிட வைத்தார்கள். 2018-இல் நாராய் மன்னர் காலத்துக் கதையைச் சொன்ன ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தபின், இளைஞர்கள் சபாயோடு அயுத்தயாவின் சைவத்தனாராம் கோயிலுக்கும் லோப்புரிக்கும் அலையலையாக வந்தார்கள். அவர்கள் அதைச் சந்தோஷமாக மீட்டு உடுத்துகிறார்கள், அந்தச் சந்தோஷத்தில் நீங்களும் சேர்வதை அவர்கள் விரும்புகிறார்கள். வெளிநாட்டுக்காரர் உடுத்தலாமா என்று தயங்க வேண்டியதே இல்லை.

போகும் வழி: பாங்காக்கிலிருந்து ரயிலில் 133 கிலோமீட்டர், வண்டியைப் பொறுத்து இரண்டு முதல் மூன்று மணி நேரம். சாதாரண வண்டிகள் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்தும், நீண்டதூர விரைவு வண்டிகள் குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்தும் கிளம்புகின்றன, சீட்டைப் பார்த்துப் போங்கள். லோப்புரி நிலையத்திலிருந்து பழைய நகரமும் அரண்மனையும் நடை தூரம்தான். அங்கே போய் உடை மாற்றுங்கள், மூன்றாம் வகுப்பு இருக்கையில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் துணி கசங்கிவிடும். குரங்குகளுக்குப் பேர்போன ஊர், 2024-இல் நிறையப் பிடித்துக் கூண்டுகளுக்கு மாற்றினார்கள் என்றாலும், முக்கோபுரக் கோயிலான பிராங் சாம் யோட் பக்கம் போகும்போது தொங்கும் காதணி, தலைப் பூ, கையில் தின்பண்டம் மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு, உடை மட்டும் மாறும். நவம்பரில் பௌர்ணமியன்று சுகோதாயில் தண்ணீரில் தீபம் மிதக்கவிடும் லோய் கிராதோங் விழா பார்க்கப் போனால் அயுத்தயா சபாயைவிடக் கரை நெய்த, குழாய் போன்ற பா சின் பாவாடை பொருத்தம், அதே மாநிலத்தின் ஹாட் சியாவ் ஊர் நெசவு அதற்குப் பேர்போனது. தண்ணீர் ஓரமாகக் குனிந்து தீபம் விட வேண்டும், ஆகவே பின்னால் தொங்கும் எதையும் முன்னால் செருகிவிடுங்கள், மெழுகுவத்திகளுக்கு நடுவே பாலியஸ்டர் ஆபத்து. சியாங் மாயில் அதே நாட்களில் யி பெங் என்கிற விளக்குத் திருவிழா, அங்கே லன்னா என்கிற வடதாய்லாந்துப் பாணி: பெண்களுக்குப் பா சின், ஆண்களுக்கு அவுரிச் சாயம் தோய்த்த மோ ஹோம் பருத்திச் சட்டை. ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சொங்கிரானுக்குப் போகிறவர்கள், காலையில் கோயிலில் புத்தர் சிலைக்கும் பெரியவர்கள் கைக்கும் நறுமண நீர் ஊற்றும்வரை பாரம்பரிய உடையில் இருங்கள். தண்ணீர் விளையாட்டு தொடங்குவதற்கு முன் விடுதிக்கு ஓடிப் பூப்போட்ட சட்டைக்கு மாறிவிடுங்கள், நனைந்த பட்டை எந்த வாடகைக் கடையும் திரும்ப வாங்காது.