நிற்கிற விமானத்துக்கு 14 நாட் வேகம்

விமானம் திரும்புவதை லேசர் கதிர்களால் உணர்ந்து அதன் திசை, இடம், வேகத்தைக் கணக்கிடும் லேசர் கைரோ பெட்டிகள் மூன்று உள்ள விமானம் அது. இறங்கி நின்ற பிறகும் இடப்பக்கப் பெட்டி மட்டும் தரைவேகம் 14 நாட் (மணிக்குச் சுமார் 26 கி.மீ.) என்று காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தடவை புதுப் பெட்டி போட்டும் சரியாகவில்லை. நான் இடதையும் வலதையும் இடம் மாற்றிப் பார்த்தேன். கோளாறு பெட்டியோடு போகவில்லை, இடது பக்கத்திலேயே நின்றது.

அப்போதுதான் பெட்டி உட்காரும் தட்டைக் கவனித்தேன். சுழற்சி மிக மெதுவாக இருந்தால் வளையத்துக்குள் எதிரெதிராக ஓடும் இரண்டு கதிர்களும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், அதைத் தவிர்க்கத்தான் கைரோவை நொடிக்குச் சில நூறு முறை அதிர விடுகிறார்கள், பெட்டிமேல் கை வைத்தால் அந்த ரீங்காரம் தெரியும். இடதில் அது கரகரவென்று இருந்தது. முன்பக்கத் திருகு இறுகவில்லை, தட்டுக்கு அடியில் காய்ந்த பசைத் துணுக்கு வேறு. துடைத்துவிட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கினேன்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது புறப்படும் முன் பெட்டி தன் திசையைக் கண்டுபிடித்துக்கொள்வது. சரக்கு ஏற்றி முடிந்த பிறகு, 10 நிமிடம் முழுசாக விட்டேன். மணிக்கு 15 டிகிரி சுழலும் பூமியை உணர்ந்துதான் அது வடக்கைக் கண்டுபிடிக்கிறது, அந்த நேரத்தில் விமானம் ஆடினால் எப்படிக் கண்டுபிடிக்கும்? அடுத்த மூன்று பயணத்திலும், நின்ற பிறகு காட்டிய வேகம் 2 நாட் அளவைத் தாண்டவில்லை.